புயலுக்குப் பின்: பொருளா, பணமா?

புயலில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணமாகப் பொருள் கொடுப்பதா, பணம் கொடுப்பதா? முதல் சில நாட்களுக்குப் பொருள்தான். கடைகள் தண்ணீரில் கிடக்க, ஏடிஎம் மின்சாரமில்லாமல் முடங்கியிருக்க, கையில் பணம் இருந்து என்ன செய்ய? ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர் என்கிறது, நிவாரணப் பணிக்கான உலகளாவிய அளவுகோல்களைச் சொல்லும் ஸ்பியர் கையேடு. குறைந்தபட்சமே அவ்வளவு! அதை லாரிதான் கொண்டுவர வேண்டும். தார்ப்பாய், குளோரின் மாத்திரையும் அப்படித்தான்.

பொருள் குவியும்போதுதான் சிக்கல். ஒரே வீட்டுக்கு மூன்று அமைப்புகள் போர்வை கொடுக்கும். அடுத்த தெருவுக்கு ஒன்றுகூடப் போயிருக்காது. யாரும் கேட்காத பழந்துணி மூட்டைகள் மழையில் ஊறி நாறும். 2005 முதல் ஐ.நா. நிவாரணத்தைத் துறைவாரியாகப் பிரித்து ஒருங்கிணைப்பது இந்தக் குளறுபடிக்காகத்தான்.

சந்தை திறந்துவிட்டால் பணமே மேல் என்பேன். ஒருவருக்குத் தகரமும் ஆணியும் வேண்டும், இன்னொருவருக்கு மருந்து. ஆனால் அடையாள அட்டையை வெள்ளத்தில் தொலைத்தவர் பட்டியலில் விடுபட்டுப் போவார். அவருக்குத் தனி வழி வேண்டும்.