போமற் அடிக்க முதல், 48 இலக்கத் திறப்பைத் தேடுங்கள்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. அதன் பிறகு, ஊரில் இருக்கிற அம்மா அப்பாவின், மாமா மாமியின் லப்டொப்பை விண்டோஸ் 11க்கு ஏற்றுகிற வேலை வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளின் தலையில் விழுந்திருக்கிறது. இடையில் ஏதும் பிழைத்தால், அவர்கள் நித்திரையால் எழும்ப முதல் லப்டொப் கடைக்குப் போய்விடும். யாழ்ப்பாணத்தில் அப்படிப் போன ஒன்றுக்கு நடந்ததை இங்கே வைக்கிறோம். கடையின் பெயர் எழுதவில்லை. பெயர் தெரிந்து நீங்கள் அடுத்த கடைக்குப் போனாலும் இதே வேலை நடக்கலாம்.

லப்டொப் கொக்குவிலில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. இன்டெல் 10ஆம் தலைமுறை, 8 ஜிபி ரம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10 ஹோம். விண்டோஸ் 11க்கான தகுதி எல்லாம் அதில் இருந்தது. அப்டேட் பாதியில் மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பற்றரி பழையது, தாங்கவில்லை. கரண்ட் வந்து திரும்பப் போட்டபோது நீலத் திரை ஒன்று 48 இலக்கத் திறப்பைக் கேட்டது. ரொறொன்ரோவில் இருந்த மருமகனுக்கு அப்போது விடியப்புறம். மாமா லப்டொப்பைக் கடைக்குக் கொண்டுபோனார்.

கடையில் சொன்னது: “சேர், வைரஸ் பூந்து லொக் பண்ணீட்டுது. போமற் அடிச்சால்தான் சரிவரும். டேட்டா எடுத்துத் தரலாம், அதுக்கு வேற காசு.”

திரும்பி வந்த பற்றுச்சீட்டில் மூன்று வரி: விண்டோஸ் 11 ஒரிஜினல் 6,500 ரூபா, டேட்டா ரிக்கவரி 7,500 ரூபா, சேவை 2,500 ரூபா. டெஸ்க்டொப்பில் ‘பக்கப்’ என்று ஒரு போல்டர். அதைத் திறந்தால் விண்டோஸ் தன்னோடு கொண்டுவருகிற வால்பேப்பர் படங்கள் மட்டும். பேரப்பிள்ளைகளின் படங்களும் காணி உறுதியின் ஸ்கான் பிரதிகளும் இல்லை.

இனி வரிக்கு வரி பார்ப்போம்.

வைரஸ் என்றது பொய். அந்த நீலத் திரை விண்டோஸின் சொந்தப் பூட்டு, பெயர் பிட்லொக்கர். ஹோம் பதிப்பு லப்டொப்களிலும், வன்பொருள் பொருந்தி, மைக்ரோசொப்ட் கணக்கால் உள்நுழைந்திருந்தால், ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் இது சத்தமில்லாமல் இயங்கத் தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. பயோஸ் (லப்டொப் போட்டதும் விண்டோஸுக்கு முதல் ஓடுகிற அடிப்படை மென்பொருள்) அமைப்பு மாறினாலோ, பூட்டின் இரகசியத்தை வைத்திருக்கிற டிபிஎம் சிப் துடைக்கப்பட்டாலோ, ஏற்றம் நடுவில் அறுந்தாலோ, பூட்டுக்குச் சந்தேகம் வந்து திறப்பைக் கேட்கும். பூட்டு இயங்கத் தொடங்கிய அன்றே திறப்பின் பிரதி மைக்ரோசொப்ட் கணக்குக்குப் போயிருக்கும். இந்த லப்டொப்பின் கணக்கைத் திறந்து கொடுத்தவரே அந்த மருமகன்தான். திறப்பு கனடாவில் அவருடைய கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது.

டேட்டா ரிக்கவரிக்கு எடுத்த 7,500 ரூபா அப்பட்டமான கொள்ளை. பிட்லொக்கர் போட்ட டிரைவில் உள்ளதெல்லாம் மறைகுறியாக்கப்பட்டவை, அதாவது திறப்பு இல்லாமல் வாசிக்க முடியாதபடி மாற்றப்பட்டவை. அதைப் பிரிக்கும் தகவல் டிரைவிலேயே மூன்று இடத்தில் எழுதப்பட்டிருக்கும். விண்டோஸில் போமற் அடிக்கும்போது அதுவும் சேர்ந்து அழிகிறது. அதன் பிறகு 48 இலக்கமும் சரியாக இருந்தாலும் பயன் இல்லை, எந்த ரிக்கவரி மென்பொருளுக்கும் குப்பை எழுத்துத்தான் தெரியும். எஸ்எஸ்டி என்றால் நிலைமை இன்னும் மோசம், அழிந்த இடத்தை அது தானாகவே வெறுமையாக்கிவிடும். அதாவது போமற் அடித்த பிறகு ரிக்கவரி செய்ய அந்தக் கடையால் முடிந்திருக்காது. முடியாத வேலைக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

‘ஒரிஜினல்’ விண்டோஸும் அப்படித்தான். செட்டிங்ஸ், சிஸ்டம், அக்டிவேஷன் என்று போனால் நேர்மையான லப்டொப்பில் ‘டிஜிட்டல் லைசன்ஸ்’ என்று இருக்க வேண்டும். இதில் இருந்தது, நிறுவனம் ஒன்றின் அக்டிவேஷன் சேவையால் இயக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி. கொக்குவில் வீட்டு லப்டொப்புக்கு எந்த நிறுவனம்? இது கள்ள அக்டிவேட்டர்: உரிமம் இல்லாத விண்டோஸை உரிமம் உள்ளதுபோல் காட்டும், ஒருமுறை 180 நாள்தான் செல்லும், அதற்குள் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொள்ளும். ஹோம் இருந்த இடத்தில் புரோ போட்டிருந்தார்கள். வேலை தடைப்படாமல் இருக்க விண்டோஸோடு வருகிற வைரஸ் காவலான விண்டோஸ் டிபென்டரிலும் ஓட்டை போட்டிருந்தார்கள்: விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘எக்ஸ்குளூஷன்ஸ்’ பட்டியலில் ஒரு போல்டர் சேர்க்கப்பட்டிருந்தது. அந்தப் போல்டருக்குள் எது வந்தாலும் டிபென்டர் திரும்பிப் பாராது. இந்த லப்டொப்பில் வங்கி வேலை செய்யக்கூடாது.

இதில் வயிறெரிகிற விஷயம், விண்டோஸ் வாங்கவே தேவை இருக்கவில்லை என்பது. விண்டோஸ் 10 ஹோம் உரிமத்தோடு வந்த லப்டொப்பின் உரிமம் அதன் மதர்போர்டோடு கட்டப்பட்டது. விண்டோஸ் 11 ஹோமைப் புதிதாகப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானாகவே அக்டிவேட் ஆகும், ஒரு சதமும் இல்லை. இந்த லப்டொப்பும் கடைசியில் அப்படித்தான் சுத்தமாக்கப்பட்டது: 8 ஜிபி பென்டிரைவ், மைக்ரோசொப்டின் மீடியா கிரியேஷன் டூல், ‘ஹோம்’ தெரிவு, விண்டோஸ் உரிம எண் (புரொடக்ட் கீ) கேட்ட இடத்தில் ‘என்னிடம் இல்லை’, டிரைவில் இருந்த பழைய பார்ட்டிஷன்கள் (பிரிவுகள்) எல்லாவற்றையும் அழித்து நிறுவல்.

சரி, நீலத் திரை வந்த அன்று செய்திருக்க வேண்டியது என்ன?

முதலாவது, லப்டொப்பைச் சார்ஜரில் போட்டு அப்படியே விடுவது. யாழ்ப்பாணத்தில் இரவு 7 மணி என்றால் ரொறொன்ரோவில், கோடை நேரத்தில், காலை 9.30. அதுவரை ஒன்றும் கெட்டுப்போகாது. பிறகு வட்ஸ்அப் வீடியோ. போனின் பின்பக்கக் கமெராவால், மேல் விளக்கை அணைத்துவிட்டு, சற்றுச் சரிவாகத் திரையைக் காட்டச் சொல்லுங்கள். நேரே பிடித்தால் வெளிச்சம் தெறித்து ஒன்றும் வாசிக்க முடியாது.

திரையில் திறப்பின் அடையாள எண் ஒன்று இருக்கும். மைக்ரோசொப்ட் கணக்கின் பக்கத்தில் ‘டிவைசஸ்’ போய், லப்டொப்பின் விபரத்துக்குள் ‘மனேஜ் ரிக்கவரி கீஸ்’ திறந்தால் பட்டியல் வரும். அடையாள எண்ணின் முதல் 8 எழுத்துப் பொருந்துகிற திறப்பை எடுங்கள். பக்கம் திறக்க முதல் உறுதிப்படுத்தும் குறியீடு ஒன்று மாமாவின் போனுக்குப் போகலாம். அதை உங்களுக்கு மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள், கடைக்காரருக்கு அல்ல.

48 இலக்கத்தையும் ஒரேயடியாக வாசிக்காதீர்கள். அது 6 இலக்கமாக 8 தொகுதி. ஒரு தொகுதி சொல்லி, அவரைத் திருப்பி வாசிக்கச் சொல்லி, அடுத்ததற்குப் போங்கள். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும்படி அமைந்தது. அதனால் ஒரு இலக்கம் பிழைத்தாலும் அந்தத் தொகுதியிலேயே திரை மறித்துவிடும், முழுவதையும் திரும்ப அடிக்கத் தேவையில்லை. வயதானவர்கள் பயப்படுவது, பிழையாக அடித்தால் எல்லாம் அழிந்துவிடுமோ என்றுதான். அழியாது என்று முதலே சொல்லிவிடுங்கள்.

திறப்பைக் கொடுத்த பிறகும் விண்டோஸ் எழும்பவில்லை என்றால், மூன்று முறை, சின்னம் தெரிகிற நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்தினால் மீட்புத் திரை வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ். அங்கே ‘ஸ்டார்ட்டப் ரிப்பெயர்’ முதலில். சரிவராவிட்டால் ‘அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்’ போய் கடைசி பீச்சர் அப்டேட்டை (பதிப்பையே மாற்றுகிற பெரிய அப்டேட்) நீக்குவது. பாதியில் நின்ற ஏற்றம் பல தடவை இத்தோடு பழைய விண்டோஸ் 10க்குத் திரும்பிவிடும். ‘மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்’ என்ற செய்தி ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் பட்டனைத் தொடக்கூடாது. மணிக்கணக்கில் ஓடினாலும் விடுங்கள். ‘ரீசெட் திஸ் பிசி’ கண்ணில் படும். அதற்குள் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்று ஒன்று இருக்கிறது, அது கடைக்காரர் செய்ததேதான்.

இதற்கும் சரிவராவிட்டால், வேறு எதையும் தொட முதல் பைல்களை எடுங்கள். அதே இடத்தில் ‘கொமாண்ட் புரொம்ட்’. கறுப்புத் திரையில் நோட்பாட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர். நோட்பாடில் பைல், ஓப்பன். கீழே ‘ஓல் பைல்ஸ்’ தெரிவு செய்தால் அந்தச் சின்னப் பெட்டியே ஒரு பைல் மனேஜர். யூசர்ஸ், அவருடைய பெயர், டெஸ்க்டொப், டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ். ரைட் கிளிக் செய்து கொப்பி, பென்டிரைவுக்குள் பேஸ்ட். இங்கே சி டிரைவ் டி என்று பெயர் மாறி நிற்கலாம், உள்ளே பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கொப்பி ஆகும்போது எவ்வளவு முடிந்தது என்று காட்டாது, உறைந்தது போல நிற்கும். 20 ஜிபி படம் என்றால் பொறுமை வேண்டும். இடையில் மூடினால் பாதிதான் வரும்.

லப்டொப் எழும்பிய பிறகு வேலை இலகு. விண்டோஸ், கொன்ட்ரோல், கியூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ‘குயிக் அசிஸ்ட்’ திறக்கும், அதால் அவருடைய திரையை நீங்கள் தூரத்தில் இருந்தே பார்த்து இயக்கலாம். நீங்கள் தருகிற குறியீட்டை 10 நிமிடத்துக்குள் அவர் அடிக்க வேண்டும். அனுமதி கேட்கிற பெட்டி வந்தால் உங்கள் பக்கத்தில் திரை மறைந்துவிடும், அங்கே அவர்தான் ‘யெஸ்’ அழுத்த வேண்டும். இதைத் தெரியாமல் லைன் போய்விட்டது என்று வெட்டிவிடுகிறவர்கள் அதிகம்.

திரும்ப ஏற்ற முதல் பிழை எண்ணைப் பாருங்கள். C1900101 என்ற எண் வந்தால் டிரைவர் சிக்கல்: பிரிண்டர், டொங்கிள், வெளி டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள், கடையில் போட்டுத்தந்த அன்டிவைரஸை நீக்குங்கள். 80070070 என்றால் இடம் போதாது, சி டிரைவில் 30 ஜிபி அளவாவது காலியாக வையுங்கள். பற்றரி தாங்காத லப்டொப்பை யூபிஎஸ் இல்லாமல் ஏற்றவே வேண்டாம். இன்டெல் 7ஆம் தலைமுறையும் அதற்குக் கீழும் என்றால் ஒன்றிரண்டு விதிவிலக்குத் தவிர விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லை. அதற்குத் தந்திர வழிகள் இருக்கின்றன, ஆனால் தூரத்தில் இருந்து பராமரிக்கிற லப்டொப்பில் அவற்றைச் செய்யாதீர்கள். விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பில் இருந்தால், செட்டிங்ஸை மைக்ரோசொப்ட் கணக்கோடு ஒத்திசைத்து, 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை இலவசமாகப் பெறலாம்.

இன்னொன்று. லப்டொப் வாங்கிய அன்று கடைக்காரரே தன் ஈமெயிலால் கணக்குத் திறந்து கொடுத்திருந்தால், 48 இலக்கம் இப்போது அவருடைய கணக்கில்தான் கிடக்கிறது. இன்றைக்கே பாருங்கள். கொன்ட்ரோல் பனலில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ அல்லது ‘பிட்லொக்கர்’ திறந்து, ‘பக்கப் யுவர் ரிக்கவரி கீ’ கொடுத்து, தாளில் அச்சிட்டு அலுமாரிக்குள் வைத்தால் போதும்.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கொடுக்க முதல் டாஸ்க் மனேஜரில் பெர்போமன்ஸ் பக்கத்தைப் படம் எடுங்கள்: ரம் எவ்வளவு, ரம் செருகுகிற துளைகளில் எத்தனை பாவிக்கப்படுகிறது, எஸ்எஸ்டியின் மொடல் பெயர். விண்டோஸ் எழும்பாவிட்டால் பயோஸ் திரையிலேயே இவற்றில் அதிகமானவை இருக்கும். கொக்குவில் லப்டொப்பில் உறுப்பு எதுவும் மாறவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் படம் இல்லாமல் அதை யாரும் நிரூபித்திருக்க முடியாது. வேலைச் சீட்டில் ‘கேட்காமல் போமற் செய்யக்கூடாது’ என்று எழுதி, கடைக்காரரின் கையெழுத்தை வாங்குங்கள். எழுதத் தயங்கினால் லப்டொப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

திரும்பி வந்ததும் அக்டிவேஷன் வரியையும் எக்ஸ்குளூஷன்ஸ் பட்டியலையும் பாருங்கள். தூரத்தில் இருந்து லப்டொப்பை இயக்குகிற எனிடெஸ்க், டீம்வியூவர் மென்பொருள்கள் இருந்தால் நீக்குங்கள்: பாஸ்வேட் வைத்து, கேட்காமலே உள்ளே வருகிற வசதி அவற்றில் இருக்கிறது. ‘அதர் யூசர்ஸ்’ பகுதியில் தெரியாத பெயர் இருந்தால் அதையும் நீக்குங்கள். ஈமெயில், வங்கி பாஸ்வேட்களை அந்த லப்டொப்பில் அல்ல, போனில் மாற்றுங்கள்.

காசைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் அழைக்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள். பற்றுச்சீட்டு, அக்டிவேஷன் திரையின் படம், ‘பக்கப்’ போல்டரின் படம் மூன்றையும் இணையுங்கள். லப்டொப்பைச் சுத்தம் செய்ய முதலே இந்தப் படங்களை எடுத்துவிட வேண்டும், ஹோமைத் திரும்பப் போட்ட பிறகு கள்ள அக்டிவேட்டருக்குச் சாட்சி இராது.