கடவாப்பல்லுக்கு சீலண்டா, ஃப்ளோரைடு வார்னிஷா? மே லீவுக்குள்ள முடிவு பண்றவங்களுக்கு

மே லீவு வந்தா பசங்க வாய் சும்மாவே இருக்காது. பதினோரு மணிக்கு குச்சி ஐஸ், மத்தியானம் ரோஸ்மில்க், சாயங்காலம் பாட்டி குடுக்கற கடலைமிட்டாய், நடுவுல யாராச்சும் விருந்தாளி வந்தா சாக்லேட். எவ்வளவு சக்கரைங்கறத விட எத்தனை தடவைங்கறதுதான் பல்லுக்கு பிரச்சனை, ஏன்னா ஒவ்வொரு தடவை இனிப்பு போனதும் வாய்ல அமிலம் ஏறும், எச்சில் அத சரிக்கட்ட அரை மணி நேரமாவது ஆகும், அதுக்குள்ள அடுத்த ரவுண்டு வந்துடுது. ராத்திரி பிரஷ் பண்ணணும், ஜூஸுக்கு பதிலா மோர் குடுக்கணும், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அதுக்கு மேல டென்டிஸ்ட் கிட்ட போனா சீலண்ட், வார்னிஷ்னு ரெண்டு வழி சொல்வாங்க, அதுல எதை எடுக்கறதுன்னுதான் நாங்க வீட்டுல ரொம்ப பேசினோம்.

காக்க வேண்டியது முக்கியமா ஒரு பல்லு. ஆறு வயசு வாக்குல பால் பல்லு வரிசைக்கு பின்னாடி புதுசா ஒரு கடவாப்பல்லு முளைக்கும். எந்தப் பல்லும் விழாம சத்தமில்லாம வர்றதால நிறைய பேர் இதையும் பால் பல்லுன்னு நெனச்சு விட்டுடறாங்க. இது வாழ்நாள் பூரா இருக்க வேண்டிய பல்லுங்க. மேல ஆழமான பள்ளம் பள்ளமா இருக்கும், பிரஷ் நார் அதுக்குள்ள போகாது, சொத்தை அங்கதான் ஆரம்பிக்கும்.

வார்னிஷ்னா 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு கலந்த பசை, எல்லா பல்லுலயும் பூசி விடுவாங்க, சில நிமிஷத்துல முடிஞ்சிடும். நம்ம பேஸ்ட்ல 1000 பிபிஎம் (பத்து லட்சத்துல எத்தனை பங்குங்கற கணக்கு) ஃப்ளோரைடுன்னா இதுல 22,600. வெள்ளைப் புள்ளியா ஆரம்பிச்ச சொத்தைய கூட திருப்பி கெட்டிப்படுத்தும். ஆனா 3 லேர்ந்து 6 மாசத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப போடணும்.

சீலண்ட் வேற மாதிரி. பல்ல சுத்தம் பண்ணி, ஜெல் தடவி கழுவி, நல்லா காய வச்சு, திரவமா இருக்கற ரெசினை (ஒரு வகை பிளாஸ்டிக்) அந்தப் பள்ளத்துல ஓட விட்டு நீல லைட் காட்டி இறுக வைப்பாங்க. ஊசி கிடையாது, டிரில் கிடையாது. என் பையனுக்கு பஞ்சு வாய்ல இருந்தப்போ கொஞ்சம் குமட்டுச்சு, அவ்வளவுதான். அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி கணக்குப்படி பின்பல்லு சொத்தைல 80 சதவீதத்த ரெண்டு வருஷத்துக்கு இது தடுக்குது.

இத படிச்சுட்டு சீலண்ட்தான் பெருசுன்னு முடிவு கட்டிடாதீங்க. பிரிட்டன்ல சவுத் வேல்ஸ்ல 6-7 வயசுப் பசங்க ஆயிரம் பேருக்கு மேல வச்சு இதே ரெண்டையும் 3 வருஷம் ஒப்பிட்டுப் பாத்தாங்க, முடிவு 2017ல வந்துச்சு. சீலண்ட் போட்டவங்கள்ல 19.6 சதவீதம் பேருக்கு சொத்தை, வார்னிஷ் போட்டவங்கள்ல 17.5. புள்ளிவிவரப்படி வித்தியாசமே இல்ல, செலவும் வார்னிஷுக்குதான் கம்மி. அப்புறம் ஏன் நான் சீலண்ட் பக்கம் நிக்கறேன்னா, அங்க ஸ்கூல் வாசலுக்கே வேன் வந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தவறாம பசங்கள பாத்துச்சு. நம்ம வீட்டுல அந்த வேன் நாமதான்.

மே லீவுல ஒண்ணு, அரைப் பரீட்சை லீவுல ஒண்ணுன்னு போட்டா கணக்கு கிட்டத்தட்ட ஆறேழு மாசம் வருது, ஆனா டிசம்பர் லீவு பத்து நாள், அதுல ஊருக்கு போகணும், சளி இருமல் வேற, டாக்டரும் லீவுல இருப்பாரு, அப்படியே பொங்கல் தாண்டி அடுத்த மே வந்துடும். வார்னிஷ் தவணை தவறிட்டா அந்த இடைவெளில பல்லுக்கு காவல் இல்ல. சீலண்ட் செக்கப் கொஞ்சம் தள்ளிப்போனாலும் அது பல்லு மேலேயே உக்காந்திருக்கும். பாதி உடைஞ்சு போனாலும் அந்தப் பல்லு சீலண்டே போடாத பல்ல விட மோசமாகறதில்லன்னு ஆய்வுகள்ல பாத்திருக்காங்க. அதுக்காக விட்டுடக்கூடாது, வருஷத்துக்கு ஒரு தடவையாவது காட்டி, தேஞ்சிருந்தா திரும்ப போட்டுக்கணும். பையனுக்கு போட்டு ரெண்டு வருஷம்தான் ஆகுது, இதுவரைக்கும் நல்லா இருக்கு, அதுக்கு மேல எப்படி நிக்கும்னு என் அனுபவத்துல சொல்ல முடியல.

சீலண்ட் மெல்லற பக்கத்த மட்டும்தான் காக்கும், ரெண்டு பல்லுக்கு நடுவுல வர்ற சொத்தைக்கு உதவாது. காசும் ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியா வாங்குவாங்க. கஷ்டமா இருந்தா சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மாதிரி இடத்துல குழந்தைகள் பிரிவுல கேட்டுப் பாருங்க.

ஆறு வயசுக்கு கீழ இருக்கற பசங்களுக்கு, வாய தொறந்து ஒழுங்கா உக்காராத பசங்களுக்கு, ஏற்கனவே வெள்ளைப் புள்ளி விழுந்தவங்களுக்கு வார்னிஷ்தான் சரி, இதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஒழுங்கா உக்காரலன்னா எச்சில் பட்டுடும், ஈரமா இருந்தா சீலண்ட் ரெசின் பிடிக்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர்வெல் தண்ணியிலேயே ஃப்ளோரைடு அதிகம், அங்க இருக்கறவங்க என்ன தண்ணி குடிக்கறோம்னு டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லிடுங்க.

எங்க சின்னவளுக்கு இன்னும் அந்தக் கடவாப்பல்லு முழுசா வெளிய வரல, அதனால இந்த லீவுக்கு வார்னிஷ், பல்லு நல்லா மேல வந்ததும் சீலண்ட். லீவோட மொதல் வாரத்துலயே போயிடுங்க, கடைசி வாரம்னா எல்லாரும் வந்து நிப்பாங்க.