இரண்டு நாள் பயிற்சி வகுப்பா, டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பா?

கிண்டி தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். திங்கட்கிழமைதோறும் உற்பத்தி மேலாளர்கள் முன்னிலையில் பத்து நிமிடம் பேசும் பொறுப்பு 2023-இல் என்னிடம் வந்தது. கணக்குகள் அனைத்தும் கையில் இருந்தும், கேட்பவர்கள் அவற்றை வைத்து ஒரு முடிவுக்கு வரும்படி எடுத்துச்சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதற்காக அதே ஆண்டு வார இறுதியில் நடந்த இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போனேன்; 2024-இல், உறுப்பினர்கள் கூடி மேடைப்பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் ஒன்றில் சேர்ந்தேன். இரண்டையும் பார்த்த பிறகு என் சாய்வு கிளப்பின் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வகுப்பைக் குறை சொல்ல அதிகமில்லை. கட்டணம் ரூ.14,000. நிற்கும் முறை, குரலின் ஏற்ற இறக்கம், எதிரில் இருப்பவர்களைப் பார்த்துப் பேசுவது ஆகியவற்றைப் பயிற்றுநர் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். ஆனால் முப்பது பேர் இருந்த அறையில் இரண்டு நாளில் நான் எழுந்து பேசியது மொத்தம் எட்டு நிமிடம் இருக்கலாம். ஒரு மாதம் கழித்து மீண்டும் அழைத்துப் பேசவைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த அழைப்பு வரவே இல்லை. மூன்றாவது திங்கட்கிழமைக்குள் என் பேச்சு பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. கற்றதெல்லாம் குறிப்பேட்டில் அப்படியே இருந்தது, வாய்க்குத்தான் வரவில்லை.

இந்த ஒப்பீட்டில் நான் முதன்மையாகக் கருதுவது இதைத்தான். பேச்சுத்திறனை ஒருமுறை பெற்றுவிட்டால் போதாது, அதைத் தொடர்ந்து பராமரிக்கவும் வேண்டும். எந்த வழி அந்தப் பராமரிப்புக்கு இடம் தருகிறது என்று பார்த்தால், மற்றக் காரணங்கள் எல்லாம் இரண்டாம்பட்சமாகிவிடுகின்றன.

டோஸ்ட்மாஸ்டர்ஸ், ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் 1924-இல் கலிபோர்னியாவின் சாண்டா அனா நகரில் தொடங்கியது. அங்கே ஆசிரியர் என்று யாரும் கிடையாது. உறுப்பினர்களே பேசுகிறார்கள், உறுப்பினர்களே மதிப்பிடுகிறார்கள். அறிமுக உரைக்கு 4 முதல் 6 நிமிடம், அதன் பிறகு வரும் உரைகள் பெரும்பாலானவற்றுக்கு 5 முதல் 7 நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் காட்டி ஒருவர் நேரத்தை உணர்த்துவார். தலைப்பை அந்தக் கணத்தில் கொடுத்து 1 முதல் 2 நிமிடம் பேசச் சொல்லும் பகுதியும் உண்டு. அலுவலகத்தில் எதிர்பாராமல் வரும் கேள்விகளுக்கு எனக்கு மிகவும் கைகொடுத்தது அந்தப் பகுதிதான்.

இரண்டாவது உரையை முடித்தபோது, தேவையற்ற சொற்களை எண்ணும் பொறுப்பில் இருந்தவர் தன் தாளைக் காட்டினார். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்த கட்டுகள் மூன்று, அவற்றின் அருகில் தனியாக இரண்டு கோடுகள். ஏழு நிமிடத்தில் பதினேழு முறை “அதாவது” சொல்லியிருக்கிறேன். வீட்டிலோ அலுவலகத்திலோ அதுவரை எவரும் சொல்லாத குறை அது. அடுத்த கூட்டத்தில் பதினொன்று, அதற்கடுத்ததில் ஆறு என்று அந்த எண் குறைந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே மனிதர்கள் கேட்பதால்தான் இது நடந்தது. ஒருவருடைய மாற்றத்தைக் கவனிக்க, அவர் முன்பு எப்படிப் பேசினார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சிவப்பு அட்டையும் ஒரு பாடம் கற்பித்தது. முன்னுரையிலேயே நேரத்தைச் செலவிட்டு, சொல்லவந்தது வரும் முன் அட்டை உயர்ந்ததை இரண்டு முறை பார்த்த பிறகு, திங்கட்கிழமைக் கூட்டத்திலும் என் வரிசையை மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் ஆய்வு முறை, அளவுகள், விலகல் என்று போய்க் கடைசியில்தான் முடிவைச் சொல்வேன். அதற்குள் மேலாளர்கள் கைபேசியைப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். இப்போது “இந்த லாட்டை அனுப்பக் கூடாது, காரணம் துளையின் விட்டம்” என்று தொடங்குகிறேன். கேள்விகள் உடனே வருகின்றன, முடிவும் அந்தக் கூட்டத்திலேயே எடுக்கப்படுகிறது.

செலவும் குறைவுதான். நான் சேர்ந்தபோது ஆறு மாதச் சந்தா 60 டாலர், புதியவர்களுக்கு ஒருமுறை மட்டும் 20 டாலர். கிளப் தன் செலவுக்காகச் சற்றுக் கூடுதலாக வாங்கலாம்.

கிளப்பின் குறைகளையும் சொல்ல வேண்டும். மதிப்பீடு பல நேரங்களில் மென்மையாக இருக்கிறது. பாராட்டுகளுக்கு நடுவே திருத்தத்தை நாமே தேடி எடுக்க வேண்டியிருக்கும். கோபத்தோடு குறுக்கிடும் மேலதிகாரியை அங்கே சந்திக்க முடியாது. கிளப்புக்குக் கிளப் தரமும் மாறும். சென்னை ஓ.எம்.ஆர். சாலைப் பக்கத்து மென்பொருள் நிறுவனங்களுக்குள் நடப்பவற்றில் வெளியாட்களைச் சேர்க்காதவையும் உண்டு. அடுத்த மாதமே முக்கியமான பிரசன்டேஷன் இருப்பவருக்கு இரண்டு நாள் வகுப்புதான் பொருத்தம். அவ்வளவு குறுகிய காலத்தில் கிளப் பெரிதாக எதையும் மாற்றாது.

தனிப் பயிற்றுநரை அமர்த்திக்கொள்வது பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. என்னோடு பணிபுரியும் ஒருவர் அப்படிப் பயின்று நன்றாக முன்னேறினார். ஆனால் அவர் முன்பே தயக்கமில்லாமல் பேசக்கூடியவர். கைபேசியில் நம்மையே பதிவுசெய்து பார்ப்பது செலவில்லாத வழி. நானும் செய்கிறேன். நம் காதுக்குப் பழகிவிட்ட பிழை அதில் தப்பிவிடுகிறது, அவ்வளவுதான்.

தமிழில் பயில விரும்புவோர், டோஸ்ட்மாஸ்டர்ஸின் பாடத்திட்டம் தமிழிலும் கிடைப்பதைக் கவனிக்கலாம். நான் சேர்ந்தது ஆங்கிலக் கிளப்பில். எங்கள் தொழிற்கூடத்தில் இயந்திரம் ஓட்டுபவர்களிடம் பேசுவது முழுக்கத் தமிழில் என்பதால், தமிழ்க் கூட்டம் ஒன்றுக்கும் விருந்தினராகப் போய்ப் பார்க்க எண்ணியிருக்கிறேன். விருந்தினருக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. சேரும் முன் இரண்டு மூன்று கிளப்களுக்குப் போய், மதிப்பீட்டாளர்கள் திருத்தங்களை எவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.