டிரம் ஓட்டிய நைனா: வேலூர் ஸ்டாண்டப் நிகழ்ச்சி எப்படி?

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரியில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மை ஓட்டிய அப்பாவை மட்டும் வைத்து ஒரு மாலை முழுக்கச் சிரிக்க வைக்க முடியுமா? முக்கால்வாசி முடிகிறது. நைனா வேலை செய்யும் இடமெல்லாம் சிரிப்பு. மகன் உருகும் இடமெல்லாம் கொட்டாவி.

உச்சம், கொதிநீர்ச் சோதனை. பதமாக்கும் குரோம் உப்பு ஏறிய தோலில் கெட்டியான இடமாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டி, காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, கொதிக்கும் தண்ணீரில் 2, 3 நிமிடம் விட்டு எடுப்பார்கள். திரும்பக் கோட்டின் மேல் வைத்தால் அப்படியே பொருந்த வேண்டும். சுருங்கினால் உள்ளே சரியாகப் பதமாகவில்லை, டிரம் மறுபடி ஓடணும். நைனா இதைத் தீபாவளித் துணிக்கும் செய்கிறார். காதில் சொருகிய பென்சிலை எடுத்துச் சட்டையைச் சுற்றி நிதானமாகக் கோடு போட்டுவிட்டு, கடைக்காரரிடம் "கொதிக்கிற தண்ணி கொஞ்சம் கெடைக்குமாபா?" என்கிறார். அந்தக் கோட்டை இழுக்கிற நேரத்தில் கலைஞர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கூட்டம் அங்கேயே விழுந்துவிட்டது.

சோடா ஜோக்கும் நல்ல சரக்குதான், அவசரத்தில் வீணாகிறது. குரோம் உள்ளே இறங்கிய பிறகு, சோடியம் பைகார்பனேட்டைத் தண்ணீரில் கரைத்துத் தவணை தவணையாக ஊற்ற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் அமிலத்தன்மை சட்டெனக் குறைந்து (பி.எச். ஏறி), குரோம் மேலேயே படிந்து கறை விழும். நைனா திட்டுவதும் அதே கணக்கு, அரைமணிக்கு ஒரு தவணை. காரணத்தை ஒரு வரியில் சொல்லியிருந்தால் காட்பாடியில் படிக்க வந்த பிள்ளைகளும் சிரித்திருப்பார்கள்.

நாற்றப் பகுதியை வெட்டலாம். நீளம் ஒரு குறை, தப்பு இன்னொன்று. அழுகிய முட்டை வாடையைக் குரோம் தலையில் கட்டுகிறார் கலைஞர், அது குரோமில் வராது. முடி உதிர்க்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சோடியம் சல்பைடு செய்கிற வேலை அது. அதில் அமிலம் பட்டால் கிளம்பும் வாயு ஆளையே கொல்லும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற விஷயமா அது? கடைசியில் உருக்கத்துக்குப் புல்லாங்குழல் இசை வேறு. அப்பா உழைத்தார் என்பதை அந்தப் பென்சிலே சொல்லியாகிவிட்டது.

ஸ்பீக்கர்கள் கலைஞருக்குப் பின்னால் இருப்பதால் அவர் நகரும்போதெல்லாம் மைக் கூவுகிறது. இரண்டையும் மேடை விளிம்புக்கு முன்னால் தள்ளினாலே போதும். டிக்கெட் எடுப்பவர்கள் நடு வரிசை பாருங்கள். ஓரத்தில் பாதி வசனம் எதிரொலியில் போய்விடும்.