பாண்டி ரோட்ல இருக்கிற ஒரு போதை மறுவாழ்வு மையம்: எச்ஐவி, ஹெபடைடிஸ் சி டெஸ்ட் அங்கயே எடுக்கிறாங்க

மொதல்லயே சொல்லிடுறேன், மையத்தோட பேர இங்க போடல. போட்டா என் தம்பி எங்க இருந்தான்னு தெரிஞ்சவங்க கண்டுபிடிச்சிடுவாங்க, நாங்க திருப்பாதிரிப்புலியூர், இங்க ஒரு தெரு விஷயம் அடுத்த தெருவுக்கு போக அரை மணி நேரம் கூட ஆகாது. கடலூர்லேர்ந்து பாண்டி போற வழியில இருக்குன்னு மட்டும் வச்சிக்கோங்க. பேரு இல்லாம எதுக்கு ரிவ்யூன்னு கேட்டா, இப்படி ஒரு எடத்துல ஆள சேக்கறப்ப எல்லாரும் ஃபீஸ் எவ்ளோ, எத்தன நாள், அடிப்பாங்களான்னு தான் கேக்கறோம், ரத்த டெஸ்ட் எடுப்பீங்களா, எப்படி எடுப்பீங்கன்னு யாருமே கேக்கறதில்ல. அதுக்காகத்தான் எழுதுறேன்.

எடம், சாப்பாடு எல்லாம் ஓகே. சுத்தமா இருக்கு, காலைல இட்லி இல்லன்னா பொங்கல், மதியம் சாம்பார் ரசம், வாரத்துல ஒரு நாள் மீன் கொழம்பு. யாரையும் கட்டிப்போடல, கைய நீட்டல, அத தம்பிகிட்ட தனியா கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன்.

அவனுக்கு பழக்கம் குடில தான் ஆரம்பிச்சது. பாண்டில சரக்கு வெல கம்மி, பார்டர் தாண்டுனா கடை, இது இந்தப் பக்கம் பாதி வீட்டுக்கு தெரிஞ்ச கதை. அப்புறம் கூட்டாளிங்களோட சேந்து வலிக்கு போடுற மாத்திரைய கரைச்சி ஊசில ஏத்திக்க ஆரம்பிச்சிருக்கான், வீட்ல யாருக்கும் ரொம்ப நாள் தெரியாது, முழுக்கை சட்டையாவே போட்டுட்டு திரிஞ்சான். முன்னாடி வேற ஒரு மையத்துல சேத்தோம், அந்தப் பேரும் வேணாம். அங்க வீட்டுக்கு அனுப்புறப்ப ஒரு சீட்டுல ரெண்டு டெஸ்ட் பேர எழுதிக் குடுத்து பெரிய ஆஸ்பத்திரில போய் எடுத்துக்கோங்கன்னு சொன்னாங்க, அவ்ளோதான். சீட்டு பேன்ட் பாக்கெட்லயே இருந்து துணி தொவைக்கும்போது கூழாப் போச்சு.

அதே எடத்துல எச்ஐவி பாசிட்டிவ்னு தெரிஞ்ச ஒரு பையனுக்கு தட்டு டம்ளர் தனி, படுக்க மூலைல தனி பாய். அத கண்ணால பாத்த மத்தவங்க எப்படிங்க டெஸ்டுக்கு கைய நீட்டுவாங்க? 1986ல சென்னைல டாக்டர் சுனிதி சாலமன் டீம் தான் இந்தியாவுல மொதமொத எச்ஐவிய கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம் இத்தன வருஷம் ஆகியும் ஒண்ணா சாப்பிட்டா ஒட்டிக்கும்னு நம்புறவங்க ஒரு சிகிச்சை மையத்த நடத்துறாங்கன்னா எனக்கு வயிறு எரியுது.

இப்ப சொல்ல வந்த மையத்துக்கு வர்றேன். சேத்த அன்னைக்கே இவங்க ரத்தம் எடுக்கல. அப்ப அவனுக்கு கை நடுக்கம், வாந்தி, ராத்திரி முழுக்க தூக்கம் இல்ல, எந்த பேப்பர நீட்டுனாலும் கையெழுத்து போட்டிருப்பான். அத சம்மதம்னு எடுத்துக்க முடியாதுங்க அக்கா, தெளியட்டும், நாங்களே உக்காத்தி வச்சி பேசுறோம்னு அங்க கவுன்சிலரா இருக்கிற மேடம் சொன்னாங்க. எனக்கு அப்பவே பாதி நம்பிக்கை வந்துடுச்சு. 2017ல எச்ஐவிக்குன்னே தனி சட்டம் போட்டாங்க, 2018 செப்டம்பர்லேர்ந்து அமல்ல இருக்கு, ஆள் புரிஞ்சி சம்மதிக்காம டெஸ்ட் எடுக்கக் கூடாது, ரிசல்ட்ட வெளிய சொல்லக் கூடாது, பாசிட்டிவ்னு சொல்லி வேலைலயோ சிகிச்சைலயோ ஒதுக்கக் கூடாது. வரவேற்பு பக்கத்துல இத தமிழ்ல எழுதி ஒட்டியிருந்தாங்க, சும்மா ஒட்டி வைக்காம அதும்படி நடந்துக்கவும் செஞ்சாங்க.

டெஸ்ட்டும் அந்த பில்டிங்லயே தான். விரல்ல ஒரு குத்து, கிட்ல ஒரு சொட்டு, கொஞ்ச நேரத்துல தெரிஞ்சிடுது. சீட்டு எழுதி வெளிய அனுப்பறதுக்கும் இதுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு அமெரிக்காவுல ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க, 12 போதை சிகிச்சை மையங்கள்ல கிட்டத்தட்ட 1,280 பேர வச்சி. வெளிய போய் எச்ஐவி டெஸ்ட் எடுத்துக்கோன்னு அனுப்புனவங்கள விட மையத்துலயே எடுத்தவங்கள்ல ரிசல்ட்ட கைல வாங்குனவங்க நாலு மடங்குக்கும் மேல இருந்தாங்க, 2012ல வெளிவந்துச்சு. எங்க வீட்டு சீட்டு கதைய நினைச்சா இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமே இல்ல. போதைலேர்ந்து வெளிய வர போராடுற ஒருத்தன் பஸ் ஏறி, ஓ.பி. சீட்டு போட்டு, கியூல நின்னு, யாராவது தெரிஞ்சவங்க பாத்துடுவாங்களோன்னு பயந்துகிட்டே உக்காந்திருப்பானா? மாட்டான், வழியிலயே கடை இருக்கு.

ரிசல்ட்: எச்ஐவி நெகட்டிவ். ஹெபடைடிஸ் சி, அதாவது ரத்தம் வழியா தொத்தி ஈரல கெடுக்கிற வைரஸ், அது பாசிட்டிவ். நெகட்டிவ்னு சொன்னதோட விட்டுடல, கடைசியா ஊசி போட்டு எத்தன நாள் ஆச்சின்னு கேட்டு, புதுசா தொத்தியிருந்தா உடனே டெஸ்ட்ல காட்டாது, அதனால மூணு மாசம் கழிச்சி இன்னொரு தடவ எடுக்கணும்னு விளக்குனாங்க. சி-ல பாசிட்டிவ்னதும் அவன் ஆடிப்போயிட்டான். "ஊசிய நான் தனியா தான்க்கா வச்சிருந்தேன், யாருக்கும் குடுக்கவே இல்லயே"ன்னு திரும்பத் திரும்ப சொல்றான். மேடம் கோவப்படாம, கலக்குன தண்ணி யாருது, ஸ்பூன் யாருது, வடிகட்டுன பஞ்சு யாருதுன்னு ஒண்ணொண்ணா கேட்டாங்க, எல்லாமே பொதுவுல இருந்ததுதான். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதுமாம் இந்த வைரஸுக்கு, ஊசிக்குள்ள வாரக்கணக்குல கூட உயிரோட இருக்குமாம். புது ஊசி வாங்கிக்கிட்டா போதும்னு நினைச்சிட்டு இருக்கிற பசங்க எத்தன பேரோ, இத ஒவ்வொரு மையத்துலயும் சொல்லணும். இங்க முடிவெட்ட வர்றவரு கூட ஆளுக்கு ஒரு புது பிளேடு, ஷேவிங் ரேசரும் பிரஷும் யாரும் யாரோடதும் தொடக்கூடாது, அத கண்டிப்பா பாத்துக்கிறாங்க. ஆனா தட்டு டம்ளர் எல்லாருக்கும் ஒண்ணுதான், சாப்பாட்டுலயோ கட்டிப்பிடிக்கிறதுலயோ ரெண்டுமே பரவாதுன்னு தெரிஞ்சவங்க நடத்துற எடம்.

அடுத்து சொன்னதுதான் முக்கியம். இந்த கிட் டெஸ்ட்ல பாசிட்டிவ்னா வைரஸ் எப்பவோ உள்ள வந்துருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். நாலுல ஒருத்தருக்கு மருந்தே இல்லாம தானா போயிடும், போனாலும் இந்த டெஸ்ட் பாசிட்டிவ்னே காட்டிக்கிட்டு இருக்கும். இப்ப உள்ள இருக்கா இல்லயான்னு பாக்க வைரல் லோடுன்னு இன்னொரு ரத்த டெஸ்ட், அதுக்கு அரசு ஆஸ்பத்திரிக்கு போகணும். எத்தனயோ பேரு இந்த எடத்துல தான் நின்னுடுறாங்க. இவங்க சீட்டு குடுத்து அனுப்பல, அவங்க ஆள் ஒருத்தர கூடவே பஸ்ல அனுப்பி வச்சாங்க. அவருமே குடிய விட்டு வெளிய வந்தவரு, ஆஸ்பத்திரில எந்த ரூமு, யார கேக்கணும், எல்லாம் அத்துப்படி.

வைரஸ் இருந்துச்சு. நான் அழுதுட்டேன். மாமா ஒருத்தர் கீழாநெல்லி அரைச்சி குடுங்க, மஞ்சகாமாலை தானேன்னாரு, அக்கறைல சொன்னாரு, ஆனா இதுக்கு அது மருந்து கிடையாது. மருந்து வேற இருக்கு, மாத்திரை தான். சோஃபோஸ்புவிர், டாக்லடாஸ்விர்னு ரெண்டு, தினமும் ஒரு வேள, 12 வாரம். 100 பேருல 95 பேருக்கு மேல முழுசா குணமாயிடுது. 2013 கடைசில அமெரிக்காவுல சோஃபோஸ்புவிர் வந்தப்ப ஒரு மாத்திரை 1,000 டாலர், ஒரு கோர்ஸ் 84,000 டாலர், அந்த மருந்து இன்னைக்கு நம்ம ஊர்ல அரசு ஆஸ்பத்திரில ஃப்ரீ. 2018 ஜூலை 28ல ஆரம்பிச்ச தேசிய திட்டத்துல டெஸ்ட், மருந்து ரெண்டுமே காசில்லாம கெடைக்குது. நம்மள்ல எத்தன பேருக்கு இது தெரியும்? எனக்கு அந்த மேடம் சொல்லித்தான் தெரியும். குடிய முழுசா விட்டாதான் மாத்திரை குடுப்பாங்கன்னு வெளிய ஒரு பேச்சு இருக்கு, உலக சுகாதார நிறுவனமே போதைல இருக்கிறவங்களுக்கும் சிகிச்சை குடுக்கச் சொல்லுது. ஆனா சி வைரஸும் சாராயமும் சேந்தா ஈரல் சுருங்குறது ரொம்ப வேகமா நடக்கும், அதனால குடிக்கும் சேத்து சிகிச்சை நடக்கிற எடத்துலயே இது தெரிஞ்சது எங்களுக்கு பெரிய விஷயம்.

மாத்திரை முடிச்சி 12 வாரம் கழிச்சி திரும்ப பாத்தாங்க, வைரஸ் இல்ல. அம்மா பாடலீஸ்வரர் கோயிலுக்கு போயி அர்ச்சனை பண்ணிட்டு வந்தாங்க. ஒரு தடவ வந்து போனா திரும்ப வராதுன்னு கிடையாதாம், மறுபடி ஊசி பக்கம் போனா மறுபடி தொத்தலாம், அதையும் அவன் மொகத்துக்கு நேரா சொல்லித்தான் அனுப்புனாங்க.

குறையும் இருக்கு. ரிசல்ட்ட சொல்ற ரூமுக்கு கதவுக்குப் பதிலா ஸ்க்ரீன் துணி, வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கிறவங்களுக்கு பாதி கேக்கும், இவ்ளோ பொறுப்பா நடத்துறவங்க இத இப்படியே விட்டு வச்சிருக்கக் கூடாது, ஒரு கதவு போட எவ்ளோ ஆயிடும். இதே மாதிரி ஈரல கெடுக்கிற ஹெபடைடிஸ் பி-க்கு தடுப்பூசி இருக்கு (சி-க்கும் எச்ஐவிக்கும் இன்னும் கிடையாது), மொத ஊசி, ஒரு மாசத்துல அடுத்தது, ஆறாவது மாசம் மூணாவதுன்னு போடணும், அத நாங்களா கேட்டு வெளிய போய்தான் போட்டோம். பொம்பளைங்களுக்கு வார்டே இல்ல, பொம்பளைங்க குடிக்கிறதில்லன்னு நினைச்சிக்கிட்டாங்களோ என்னமோ, அவங்களுக்கு டெஸ்ட்ட பத்தி யாரு சொல்லுவா?

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன், அந்த ஒரு ஸ்டார் கதவுக்கும் பொம்பளைங்க வார்டுக்கும்.

வேற எந்த மையத்துல சேக்கப் போறீங்கன்னாலும் டெஸ்ட் இங்கயே எடுப்பீங்களா, யாரு கேட்டு சம்மதம் வாங்குவீங்க, பாசிட்டிவ் வந்தா கூட யாரு வருவாங்க, இத மூணையும் கேட்டுட்டு பணம் கட்டுங்க. மையத்துக்கே போகாம எச்ஐவி டெஸ்ட் மட்டும் எடுக்கணும்னா மஞ்சக்குப்பம் அரசு தலைமை ஆஸ்பத்திரி மாதிரி பெரிய அரசு ஆஸ்பத்திரிங்கள்ல நம்பிக்கை மையம் இருக்கு, காசு வாங்க மாட்டாங்க. எச்ஐவி சந்தேகத்துக்கு 1097, போதைய விடுறதுக்கு 14446, ரெண்டும் ஃப்ரீ நம்பர். தம்பி இருந்த மையத்துல டெஸ்ட் எடுக்கிறவங்க ஞாயித்துக்கிழம வர்றதில்ல, அதனால எந்த மையத்துக்கு விசாரிக்கப் போனாலும் வார நாள்ல காலைலயே போயிடுங்க.