ஆன்லைனில் 'குட்டை பட்லியா' வாங்கப் போகிறீர்களா? லண்டன் தோட்டக்காரர்களே, உஷார்!

வண்ணத்துப்பூச்சிகளை இழுக்கும் பூப்புதரான பட்லியாவை வைக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

பெரிய ஆன்லைன் தளம் ஒன்றில் 'புளூ சிப்' என்று போட்டிருந்த செடிகளை வாங்கினேன். மூன்றடி தாண்டாது, தொட்டியிலேயே வைக்கலாம் என்று விளக்கம். படத்தில் இங்க் பாட்டிலைக் கவிழ்த்த மாதிரி நீலம். புளூ சிப் என்ற ரகம் உண்மையிலேயே உண்டு. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் வெர்னர் உருவாக்கியது. புதராக அடர்ந்து குட்டையாகவே நிற்கும், விதை பெரும்பாலும் பிடிக்காது. பூ நீலம் கலந்த ஊதா. படத்தில் இருந்த நீலத்தை நான் எந்த பட்லியாவிலும் பார்த்ததில்லை.

பெட்டியில் ரகப் பெயர் அட்டை இல்லை, செடி எங்கிருந்து வந்தது என்று காட்டும் 'பிளான்ட் பாஸ்போர்ட்' சீட்டும் இல்லை. இங்கே ஆன்லைனில் செடி விற்கும் வியாபாரி அந்தச் சீட்டோடுதான் அனுப்ப வேண்டும். ஏ, பி, சி, டி என்று வரிசையாகத் தாவரவியல் பெயர், பதிவு எண், எந்த பேட்ச் என்ற குறியீடு, எந்த நாட்டுச் செடி என்பது எல்லாம் அதில் இருக்கும். கேட்டேன். "வழியில் விழுந்திருக்கும்" என்று பதில் வந்தது.

முதல் கோடையிலேயே சந்தேகம் தட்டியது. குட்டை ரகத்தில் கணுக்கள் நெருக்கமாக இருக்கும். இதில் கணுவுக்குக் கணு நாலு விரல் இடைவெளி, இலை ஒரு சாண் நீளம். அடுத்த மார்ச்சில் முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டேன். ஆகஸ்ட்டில் வேலியைத் தாண்டி நின்றது. பூ வெளிறிய ஊதா. ரயில் பாதையோரத்திலும் பழைய சுவர் விரிசலிலும் தானாக முளைத்து நிற்குமே, அதே சீனத்து பட்லியா! அதற்கா காசு கொடுத்தேன்? வண்ணத்துப்பூச்சிகள் வந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாடிய பூங்கொத்துகளை உடனுக்குடன் நறுக்காவிட்டால் லட்சக்கணக்கில் விதை பறந்து பக்கத்து வீட்டுச் செங்கல் இடுக்கிலும் முளைக்கும்.

படம் அனுப்பிக் கேட்டால், "உங்கள் மண்ணில் சத்து அதிகம்" என்றார்கள். மூன்றடிச் செடியை ஆளுயரத்துக்குத் தூக்கும் மண்ணென்றால் அதை மூட்டை கட்டி விற்றே நான் பிழைத்துக்கொள்வேன். அப்புறம் "14 நாள் முடிந்துவிட்டது" என்றார்கள். கடைசியில், நான் போட்ட ரெவியூவை எடுத்தால் பாதிப் பணம் தருவதாகப் பேரம். எடுக்கவில்லை.

அந்த 14 நாள், மனம் மாறித் திருப்பி அனுப்புவதற்கு. சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால் பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி அதற்குப் பிறகும் கேட்கலாம். 30 நாளுக்குள் என்றால் வேண்டாம் என்று சொல்லி முழுப் பணத்தையும் வாங்கலாம். ஆறு மாதம் தாண்டினால் நிரூபிக்கும் பொறுப்பு நம் தலையில். குட்டையா நெட்டையா என்று செடி காட்டிக்கொடுக்க ஒரு கோடையாவது வேண்டும். இவர்கள் வியாபாரம் அந்த இடைவெளியில்தான் ஓடுகிறது. அதனால் பெட்டியைப் பிரித்த அன்றே அட்டையும் பாஸ்போர்ட்டும் இல்லையென்றால் படம் எடுத்து, அன்றே புகார் போட்டுவிடுங்கள்.

'புளூ சிப் விதை' என்று பாக்கெட் விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். இந்த ரகத்தைத் தண்டு வெட்டி வேர்பிடிக்க வைத்துத்தான் பெருக்குவார்கள். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, ஜூலையில் பூத்திருக்கும்போது கார்டன் சென்டருக்கே போய்ப் பார்த்து வாங்குங்கள். ரசீதையும் லேபிளையும் தூக்கிப் போட வேண்டாம்.