பதினோரு வருடமாகக் கேட்கும் ‘இபேரியா’

ஸ்பெயினின் பியானோ கலைஞர் அலிசியா தெ லரோச்சா வாசித்த ‘இபேரியா’ என்ற பியானோ படைப்பு என்னிடம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. 1972-ல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் செய்த பதிவு, இரட்டை சிடி. வாங்கிய முதல் மாதத்திலேயே இதைப் பற்றி எழுதியிருந்தால் அதில் உள்ள ‘த்ரியானா’ ஒன்றைத்தான் புகழ்ந்திருப்பேன். அதன் துள்ளலும் பளபளப்பும் அப்படி இழுத்தன. இன்று ‘த்ரியானா’ வந்தால் சந்தோஷமாகக் கேட்கிறேன், ஆனால் அதைத் தேடிப் போவதில்லை.

ஸ்பெயினின் இசையமைப்பாளர் இசாக் அல்பெனிஸ் இதை எழுதத் தொடங்கியது 1905-ல். நான்கு தொகுதிகள், தொகுதிக்கு மூன்றாகப் பன்னிரண்டு உருப்படிகள். அப்போது அவர் வாழ்ந்தது பிரான்சில், சிறுநீரக நோயோடு. 1909-ல் இறந்தபோது ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை. பெரும்பாலான உருப்படிகளில் வருவது தெற்கு ஸ்பெயினின் ஆண்டலூசியா. ‘லவாப்பியேஸ்’ மட்டும் மத்ரிதின் ஒரு பேட்டை. ஊரை விட்டுத் தள்ளி இருந்தவரின் ஏக்கம் இதில் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, இதை வாசிக்கிற பலர் அந்த ஏக்கத்தை இழுத்து இழுத்துக் காட்டுகிறார்கள். லரோச்சா அப்படிச் செய்வதில்லை. தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, அதற்குள்ளேயே பாட வைக்கிறார். இத்தனை வருடம் கேட்டும் இந்தப் பதிவு எனக்குச் சலிக்காததற்கு அதுதான் காரணம் என்று நம்புகிறேன்.

‘ரொந்தேன்யா’வைக் கேட்டால் இது புரியும். அதில் ஆறு எண்ணிக்கை ஒரு முறை மூன்று மூன்றாகவும், அடுத்த முறை இரண்டு இரண்டாகவும் பிரிகிறது. அவர் வாசிக்கும்போது விரல் விட்டு எண்ணிக்கொண்டே போகலாம், ஓர் இடத்திலும் தடுக்காது. எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கேட்டால் யாரோ நடனம் ஆடுவது போல இருக்கும். வேறு சிலரின் வாசிப்பில் இந்த மாற்றம் தடுமாற்றமாகவே எனக்குக் கேட்டது.

இந்தப் பிடி அவருக்கு எங்கிருந்து வந்தது என்றும் யோசித்திருக்கிறேன். 1923-ல் பார்சிலோனாவில் பிறந்தவர். அவருடைய ஆசிரியர் ஃபிராங்க் மார்ஷல், இன்னொரு ஸ்பெயின் இசையமைப்பாளரான என்ரிக்கே கிரனாதோஸின் நேரடி மாணவர். மார்ஷல் 1959-ல் இறந்த பிறகு அவருடைய இசைப்பள்ளியை லரோச்சாவே நடத்தினார். உயரம் ஐந்தடிக்கும் குறைவு, கைகளும் சிறியவை. அந்தக் கைகளில்தான் ‘எல் கோர்பஸ் என் செவியா’ வருகிறது.

இப்போது நான் அதிகம் கேட்பது அதைத்தான். ஆண்டலூசியாவின் செவியா நகரத்தில் நடக்கும் கோர்பஸ் கிறிஸ்தி என்ற கிறிஸ்தவத் திருவிழாவின் ஊர்வலம். தூரத்தில் மேளம் கேட்கிறது, அப்புறம் நடைபோடும் மெட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி ஒரு கட்டத்தில் தெருவையே அடைத்துக்கொள்கிறது. சுரங்கள் அவ்வளவு நெரிசலாக இருப்பதால் அல்பெனிஸ் சில இடங்களில், பியானோ இசைக்குறிப்பின் வழக்கமான இரண்டு வரிக்குப் பதில் மூன்று வரிகளில் எழுதியிருக்கிறார். நடுவில் ‘சாயெத்தா’ என்ற பக்திப் பாட்டின் குரல் உரத்து எழுகிறது. லரோச்சாவிடம் அந்த உச்சத்தில்கூட மெட்டு அமுங்குவதில்லை. சத்தம் எவ்வளவு பெரிதானாலும் அது கூச்சலாவதில்லை. ஆனால் நான் காத்திருப்பது முடிவுக்கு. கூட்டம் கலைந்து, இருட்டில் மணியோசை மட்டும் மிஞ்சும் அந்தக் கடைசி இரண்டு நிமிடங்கள். முதல் இரண்டு வருடம் அந்த இடம் வரும்போது நான் அடுத்த உருப்படிக்குத் தாவிவிடுவேன். அதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

‘எல் அல்பைசின்’ கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்குச் சட்டென்று பழகிவிடும். ஆண்டலூசிய இசையில் அடிக்கடி வரும் ஃபிரிஜியன் சுரவரிசை, நம்முடைய தோடியின் சுரங்களேதான். காந்தாரம் உயர்ந்தால் வகுளாபரணம். கமகம் கிடையாது, பியானோவில் அதற்கு வழியும் இல்லை. கிதார் மீட்டுவது போன்ற தொடக்கத்துக்குப் பிறகு இரண்டு கைகளும் ஒரே மெட்டை வெவ்வேறு ஸ்தாயியில் பாடுகிற இடத்தில், துணைக்கு வேறு எதுவும் இல்லாமல், லரோச்சா அவசரப்படாமல் நிற்கிறார்.

குறையும் சொல்ல வேண்டும். மேல் ஸ்தாயியில் ஒலி கொஞ்சம் கூர்மை. மலிவான இயர்போனில் ஒரு வருடம் கேட்டபோது காது வலித்தது. சுமாரான ஸ்பீக்கருக்கு மாறியதும் அந்தத் தொந்தரவு பெரும்பாலும் போய்விட்டது. இதே படைப்பை அவர் 1986-ல் டிஜிட்டலில் மறுபடி பதிவு செய்திருக்கிறார். இரண்டு பதிவுகளுக்கும் கிராமி கிடைத்தது. பிந்தையதில் ஒலி விசாலமாக இருக்கிறது, வாசிப்பிலும் ஒரு நிதானம். இரவில் அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘எரிதான்யா’வின் குதூகலம் எனக்கு 1972-ல்தான் முழுசாகக் கிடைக்கிறது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பழையதையே வாங்குவேன்.

என் சிடியில் கிரனாதோஸின் பியானோ படைப்பான ‘கோயெஸ்காஸ்’ஸும் சேர்ந்தே வந்தது. அதில் இளம்பெண்ணும் இராப்பாடிப் பறவையும் பேசிக்கொள்ளும் உருப்படியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கடைசியில் அந்தப் பறவை மட்டும் பாடுகிற இடத்தில் லரோச்சா எதையும் அலங்கரிக்காமல் விடுகிறார். வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் தானாகப் பேச்சு நின்றுபோவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

புதிதாகக் கேட்பவர்கள் பன்னிரண்டையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம், ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ‘எல் புவர்த்தோ’வில் தொடங்குங்கள். சுமார் நான்கே நிமிடம், ஒரு துறைமுகத்தின் காலைநேரப் பரபரப்பு. அது பிடித்தால் அடுத்ததாகவே ‘கோர்பஸ்’ வரும். அதைக் கடைசி மணியோசை வரை கேளுங்கள்.